காற்று போனால் நிற்க வேண்டும்



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவில் ஒரு பழைய பேருந்தை ஓட்டிக் காட்டுவது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்தது. 1960களில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த லேலண்ட் அடிச்சட்டத்தின்மீது, இந்நாட்டுப் பட்டறையில் மரச்சட்டமும் தகடும் கொண்டு உடல் கட்டப்பட்ட பேருந்து அது. ஒரு செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் பல காலம் கிடந்ததை எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கிப் புதுப்பித்திருந்தார். வண்ணம் பளபளத்தது. இருக்கைகளுக்குப் புது உறை போட்டாயிற்று. மணியடிக்கும் கயிறுகூட பழையபடி கட்டப்பட்டிருந்தது. நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தோட்டத்துச் சாலை மேட்டில் ஏறி, கோயில்வரை சென்று திரும்புவது திட்டம்.

என் தந்தையார் ஒரு பேருந்து நிறுவனத்தின் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “ஒரு தரம் பார்த்துவிடுங்கள் அப்பா” என்று அழைத்துச் சென்றேன். அவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, காற்றழுத்தம் காட்டும் முள் மேலேறும்வரை காத்திருந்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடியே முள்ளைக் கவனித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கியது. எங்கோ அடியில் ‘உஸ்’ என்ற ஓசை.

“இது ஓடும்மா. ஆனா நிக்காது” என்றார்.

அந்த ஒரு சொல்லால் விழாத் திட்டம் மாறியது. அந்தப் பேருந்தின் காற்றுப் பாகங்களைத் தேடப் போய், நான் கற்றுக்கொண்ட வரலாற்றை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை நாள்தோறும் பேருந்தில் ஏற்றி அனுப்புகிற நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

காற்று எப்படி வண்டியை நிறுத்துகிறது?

பெரிய பேருந்தின் சக்கரத்தை மனிதக் காலின் வலிமையால் நிறுத்த முடியாது. எனவே இயந்திரத்தோடு இணைந்த கம்பிரசர், காற்றை அமுக்கி ஓர் இரும்புத் தொட்டியில் சேர்க்கிறது. அழுத்தம் போதிய அளவை எட்டியதும் கவர்னர் வால்வு கம்பிரசரின் வேலையை நிறுத்தி வைக்கிறது. ஓட்டுநர் மிதிக்கும்போது தொட்டியின் காற்று குழாய் வழியாகச் சென்று, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள ஒரு வட்டமான அறைக்குள் நுழைகிறது. அந்த அறையின் நடுவே துணி வைத்து வார்த்த ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதை ‘டயப்ரம்’ என்பார்கள். காற்று சவ்வைத் தள்ள, சவ்வு ஒரு தண்டைத் தள்ள, தண்டு பிரேக்கை அழுத்துகிறது.

கணக்குப் பாடத்திற்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு இதில் உண்டு. சவ்வின் பயனுறு பரப்பு 30 சதுர அங்குலம், காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 100 இராத்தல் என்றால், தண்டைத் தள்ளும் விசை 3,000 இராத்தல்; ஏறத்தாழ 1,360 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிறிய காரின் எடையை ஒரு ரப்பர் வட்டம் தாங்குகிறது என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது.

அந்த ரப்பர் வட்டம் கிழிந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் இரயில்வேயின் வரலாற்றுக்குச் சென்றேன்.

1869, 1872, 1889

காற்று பிரேக்கிற்கு அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 22. அதுவரை இரயில் பெட்டிகளின் பிரேக்கைப் பணியாளர்கள் பெட்டிக்குப் பெட்டி சென்று கையால் திருகினார்கள். வெஸ்டிங்ஹவுஸின் முறையில், இரயில் இயந்திரத்திலிருந்து காற்று குழாய் வழியாகப் பெட்டிகளுக்குச் சென்று பிரேக்கை அழுத்தியது. பெரிய முன்னேற்றந்தான், ஆனால் ஒரு குறை இருந்தது. குழாய் அறுந்தாலோ பெட்டிகள் கழன்றாலோ காற்று வெளியேறிவிடும். பிரேக் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் பிரேக் இருக்காது.

இக்குறையை வெஸ்டிங்ஹவுஸே 1872இல் தீர்த்தார். குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு காற்றுத் தொட்டி இருக்கட்டும். குழாயின் அழுத்தம் குறைந்தால், அந்தக் குறைவையே கட்டளையாக எடுத்துக்கொண்டு பெட்டியின் தொட்டி பிரேக்கை அழுத்தட்டும் என்று அமைத்தார். குழாய் அறுந்தால் இரயில் தானே நின்றுவிடும். முந்தைய முறையில் காற்று வந்தால் வண்டி நிற்கும். புதிய முறையில் காற்று போனால் வண்டி நிற்கும். முறை தலைகீழாயிற்று.

கண்டுபிடிப்பு வந்துவிட்டால் உலகம் உடனே ஏற்றுக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடக்கவில்லை.

1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஒரு ஞாயிறுப் பள்ளியின் சுற்றுலா இரயில் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் புறப்பட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களுமாக 900 பேருக்கு மேல். மேட்டில் ஏற இயந்திரத்திற்கு வலிமை போதவில்லை, இரயில் நின்றுவிட்டது. முன்பெட்டிகளை முதலில் இழுத்துச் செல்லலாம் என்று எண்ணி, பின்பகுதியைக் கழற்றினார்கள். அந்த இரயிலில் இருந்தது வெற்றிட முறைப் பிரேக். அதாவது காற்றை உறிஞ்சி எடுப்பதால் இயங்குவது. ஆனால் தானியங்கி வகை அன்று. இணைப்பைக் கழற்றிய கணமே பின்பெட்டிகளின் பிரேக் விட்டுவிட்டது. ஒரே ஒரு கைபிரேக்கும் சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே மிச்சம். முன்பகுதி புறப்படும்போது சிறிது பின்வாங்கி இடித்தது; கற்கள் நொறுங்கின. பின்பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடி, கீழிருந்து ஏறி வந்த அடுத்த இரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர்.

தானியங்கி பிரேக் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் இரயிலுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டுச் சட்டம் காற்று பிரேக்கை வலியுறுத்தியது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளிச் சுற்றுலா, மேடு, கைபிரேக், சக்கரத்திற்குக் கல். எங்கள் விழாத் திட்டத்தில் இவை அத்தனையும் இருந்தன.

சாலையில் வரலாறு பின்னோக்கிச் சென்றது

மறுநாள் தந்தையாரிடம் கேட்டேன். “அந்தப் பழைய பேருந்து 1872ஆம் ஆண்டைச் சேர்ந்ததா, 1869ஆம் ஆண்டைச் சேர்ந்ததா?” அவருக்கு ஆண்டுகள் தெரியாது. செய்தியைச் சொன்னதும் புரிந்துகொண்டார். “முதல்ல சொன்னதுதான்” என்றார்.

உண்மை அதுதான். சாலை வாகனங்களுக்குக் காற்று பிரேக் வந்தபோது, மிதித்தால் காற்று சென்று அழுத்தும் நேரடி முறையே பரவலாயிற்று. தொட்டியில் காற்று இருக்கும்வரை பேருந்து நிற்கும். காற்று போய்விட்டால் கைபிரேக் ஒன்றே துணை. வலிமையான சுருள்வில் ஒன்றைக் காற்றால் பிடித்து வைத்திருந்து, காற்று போனதும் வில் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு 1960களுக்குப் பிறகே பேருந்துகளில் பரவியது. இன்று நிறுத்தத்தில் பெரிய பேருந்து நின்றதும் ‘புஸ்’ என்று கேட்கிறதே, ஓட்டுநர் காற்றை வெளியேற்றி அந்த வில்லை விரியவிடும் ஓசை அது. எங்கள் விழாப் பேருந்தில் அந்த வில் இல்லை.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று சிலர் வருந்தினார்கள். ஒரு பெற்றோர் எழுந்து, “டீச்சர், நாங்க எல்லாரும் அந்த மாதிரி பஸ்ல போய்த்தானே படிச்சோம்? ஒன்னும் ஆகலையே!” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. என்னிடம் உடனே விடை இல்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த தந்தையார்தான் பதில் சொன்னார்.

“தம்பி, தினமும் விடியக்காலையில நாங்க நாலு பேரு வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தோம். அதனாலதான் ஒன்னும் ஆகல.”

அதன்பின் யாரும் பேசவில்லை. விழாவன்று பேருந்து பள்ளித் திடலில், சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் ஏறி அமர்ந்து, மணிக்கயிற்றை இழுத்து மகிழ்ந்தார்கள். ஓட்டுவது அடுத்த ஆண்டு என்று தள்ளிவைத்தோம்.

பாகங்களைத் தேடிய கதை

தந்தையார் ஒரு பழைய பயிற்சி ஏட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். டயப்ரம் நான்கு, கவர்னர் வால்வு ஒன்று, மிதி வால்வின் உள்வட்டங்கள், கம்பிரசருக்கும் தொட்டிக்கும் இடையிலான ஒருவழி வால்வு, செப்புக் குழாய் இணைப்புகள் சில. மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பு.

டயப்ரத்தில்தான் தொடங்கினோம். அருகிலுள்ள பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர், கனமான ரப்பர் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டித் தருவதாகச் சொன்னார். ஒன்று பத்து வெள்ளிதான். பேருந்தின் உரிமையாளருக்கு ஆசை வந்துவிட்டது. ரப்பரைப் பற்றி இந்நாட்டுத் தமிழருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் பாட்டி பால்மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர். ஆயினும் எனக்குத் தெரியாத ஒன்றைத் தந்தையார் சொன்னார். கம்பிரசரிலிருந்து வரும் காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். துணி வைத்து வார்க்காத தகடு அழுத்தத்தில் கிழிந்தும் போகும். எனவே எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரில், துணியோடு வார்த்த சவ்வுதான் வேண்டும். “கண்ணுக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியும்” என்றார்.

அடுத்த சிக்கல் மரையில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த அரை அங்குல இணைப்பு ஒன்று, திருகியதும் அழகாக உள்ளே சென்றது. சோப்பு நீர் பூசியதும் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. காரணத்தைத் தேடியபோது மீண்டும் வரலாறே கிடைத்தது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டு திருகுமரைக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அதன் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த மரையின் கோணம் 60 பாகை. குழாய் மரைகளிலும் இவ்வேறுபாடு இன்றுவரை தொடர்கிறது. அரை அங்குலக் குழாயில் இரு நாட்டு மரைகளும் அங்குலத்திற்கு 14 சுற்றுகளே கொண்டவை. எனவே ஒன்றுக்குள் ஒன்று நுழையும். ஆனால் முழுமையாகப் பொருந்தாது. தண்ணீர்க் குழாயில் இது சிறு ஒழுக்கு. பிரேக் குழாயில் அப்படி விட்டுவிட முடியாது.

தொட்டியின் கதை வேறு. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து தொட்டியின் அடியில் தேங்கும். நம் நாட்டின் ஈரக் காற்றில் சொல்லவே வேண்டாம். அந்நாளில் பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களின் முதல் வேலை, தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதுதானாம். கொட்டகையில் கிடந்த காலத்தில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை; உட்புறம் துரு ஏறியிருந்தது. தொட்டியைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்தார்கள். காற்றை வைத்துச் சோதித்தால் பலவீனமான தொட்டி வெடித்துச் சிதறும். தண்ணீரை வைத்துச் சோதித்தால் ஒழுகுவதோடு நின்றுவிடும். எங்கள் தொட்டி ஒழுகியது. புதுத் தொட்டி செய்யவேண்டியதாயிற்று.

லிங்கனிலிருந்து பாடிக்கு

அறையின்மீது ஒட்டியிருந்த சிறு பித்தளைத் தகட்டைத் தந்தையார் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். ‘கிளேட்டன் டிவாண்டர், லிங்கன்’ என்று தெரிந்தது. லிங்கன் இங்கிலாந்தில் உள்ள நகரம். பேருந்துகளுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் பிரேக் பாகங்கள் செய்து புகழ்பெற்ற அந்த நிறுவனம் பின்னாளில் கைமாறிவிட்டது. லேலண்டின் பேருந்துப் பிரிவும் 1988இல் வால்வோவின் கைக்குச் சென்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையைப் போல நின்றது எங்கள் பேருந்து.

ஆனால் அந்தப் பெயரைத் தொடர்ந்து படித்தபோது, நான் எதிர்பாராத இடத்தில் அது வெளிப்பட்டது. 1962ஆம் ஆண்டு, சென்னையின் பாடிப் பகுதியில், டிவிஎஸ் குழுமமும் இதே கிளேட்டன் டிவாண்டர் நிறுவனமும் சேர்ந்து ‘சுந்தரம்-கிளேட்டன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கின. இந்தியாவின் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் காற்று பிரேக் செய்வதே அதன் தொழிலாக இருந்தது. அருகிலேயே எண்ணூரில், 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, லேலண்டின் கூட்டுறவால் 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட் ஆலை. சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்திற்கான டெமிங் விருதையும் பெற்றது. அந்தப் பிரிவு 2008இல் வாப்கோ-டிவிஎஸ் என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. ‘வாப்கோ’ என்பது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் தொடங்கிய வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கம். 22 வயது இளைஞரின் பெயர் சுற்றிச் சுற்றிப் பாடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

சென்னையில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவருக்குச் சவ்வின் விட்டம், தடிமன், பித்தளைத் தகட்டின் எண் ஆகியவற்றைப் படத்தோடு அனுப்பினேன். பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் அவர் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்தார். பெயர் சொல்லிக் கேட்ட இடங்களில் உதட்டைப் பிதுக்கியவர்கள், எண்ணைக் காட்டியதும் ஏணி போட்டு ஏறினார்களாம். புத்தம்புதிய டயப்ரம் நான்கும், மிதி வால்வின் உள்வட்டங்களும் கிடைத்தன. தந்தையார் பழையதன்மேல் புதியதை வைத்து அளந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் தடவிக்கொண்டிருந்தார்.

கவர்னர் வால்வு மட்டும் அங்கே கிடைக்கவில்லை. அது இங்கிலாந்தில் பழைய பேருந்துகளைக் காத்துவரும் ஒருவரிடமிருந்து வந்தது. அந்நாட்டில் அத்தகையோர் பலர். இலண்டனின் ஆர்டி வகைப் பேருந்துகள் மட்டுமே 1939 முதல் 1954 வரை ஏறத்தாழ 7,000 செய்யப்பட்டன. ஒரே அளவில் அத்தனை வண்டிகள் இருந்ததால் பாகங்களும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் சேவை முடிந்தபின் பல வண்டிகள் இலங்கைக்கும் சென்று ஓடின. தனித்துவமான பொருளைக் காப்பது கடினம். பொது அளவில் செய்த பொருளுக்கு எங்கோ ஓர் உடன்பிறப்பு இருக்கும்.

முள் நின்றது

வேலை முடிய ஓராண்டு பிடித்தது. அடுத்த விழாவிற்கு இரண்டு வாரம் இருக்கையில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பேருந்தருகே அழைத்துச் சென்றேன். தந்தையார் அழுத்தத்தை ஏற்றி, இயந்திரத்தை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை உரக்க எண்ணினாள். ஐந்து நிமிடம் முள் அசையவில்லை.

“இப்போது மேட்டில் ஏற்றலாமா அப்பா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்மா. பாகம்தான் புதுசு. முறை பழசு.”

எத்தனை புதிய பாகம் போட்டாலும், காற்று போனால் அந்தப் பேருந்து நிற்காது. எனவே பள்ளித் திடலில், சமதரையில், நடக்கும் வேகத்தில் மூன்று சுற்று, அவ்வளவுதான். உரிமையாளருக்கு முதலில் சிறிது மனத்தாங்கல். ஆர்மாவின் கதையைச் சொன்னபின் அவரே, “சரிங்க டீச்சர், நம்ம பிள்ளைங்கதானே” என்று சொல்லிவிட்டார். தந்தையார்தான் ஓட்டினார். பிள்ளைகளுக்கு அந்த மூன்று சுற்றே போதுமானதாக இருந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஏறும் பேருந்து காற்று பிரேக் உள்ள பெரிய வண்டியாக இருந்தால், ஓட்டுநரோடு பேசுங்கள். காற்றழுத்த முள் வேலை செய்கிறதா, அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் ஒலி கேட்கிறதா, தொட்டித் தண்ணீரை வடிக்கிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல ஓட்டுநர் இக்கேள்விகளால் மகிழ்வார். வண்ணத்தையும் குளிர்சாதனத்தையும் எல்லாரும் பார்க்கிறோம். அடியில் படுத்துப் பார்ப்பவர் யார் என்று கேட்பவர் குறைவு.

ஆசிரிய நண்பர்களே, வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும் என்று எண்ணும் மாணவர்களிடம் ஒரு ரப்பர் வட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள். பழைய டயப்ரம் ஒன்று இன்றும் என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் அதைத் தொட்டு, “இது என்னங்க டீச்சர்?” என்று கேட்கிறார்கள். நான் 1889ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து தொடங்குகிறேன்.